தோளுக்குத் தைலம் தேய்த்தவளின் நன்றி மடல்

பினாங்கில், பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனிலும் எங்களுக்காக ஓடிய அனைவருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. வீடு தேடி வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. எனக்கு லீவு மிச்சமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் கூத்து. வலது தோள் வலிக்கிறது என்றார். ஃபேக்டரியில் பெட்டி தூக்கிய பிடிப்பு என்று பத்து ராத்திரி தைலம் போட்டு உருவிவிட்டேன். கோளாறு இருந்ததோ கல்லீரலில்! அங்கே சீழ் கட்டி, மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். எவ்வளவு தைலம் வீண்.

காய்ச்சல் வந்ததும் ஒரு கிளினிக்கில் டிங்கி சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. அடுத்த முறை கேஸ்ட்ரிக் மாத்திரை. மூன்றாம் முறையும் அதே மாத்திரை, இரண்டு நாள் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு. எனக்குக் கோபம்தான். பேதி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, கண்டுபிடிப்பது சுலபமில்லை என்று பிறகு புரிந்ததில் பாதி ஆறிவிட்டது. சட்டையைத் தூக்கி ஒரு தடவை கை வைத்துப் பார்த்திருக்கலாமே என்பதில் மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

எதிர்வீட்டு ஆண்ட்டிக்குத்தான் முதல் நன்றி. "ஏம்மா, தம்பி இருமும்போதெல்லாம் விலாவைப் பிடிச்சிக்கிறாரே, தோளை இல்லையே" என்று கேட்டவர் அவர். அவர் காட்டிய கிளினிக்கில் சின்ன வயது டாக்டரம்மா, வலது பக்கக் கீழ் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு விரலை வைத்து அழுத்தினார். இவர் கட்டிலிலிருந்து துள்ளிவிட்டார். "சமீபத்தில் வெளியூர் போனீர்களா?" என்று அடுத்த கேள்வி. அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மூன்று மாதத்துக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்கே இரண்டு நாள் இவருக்கு வயிறு கலங்கியதை நாங்களே மறந்திருந்தோம். உடனே கடிதம் எழுதி, "இன்றைக்கே போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்" என்று அனுப்பிவைத்தார். அம்மா, அந்தக் கடிதத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்தார்கள். கல்லீரலின் வலப்பக்கம் ஒரே கட்டி, 8 சென்டிமீட்டர். படத்தை மட்டும் வைத்து அது பாக்டீரியாவா, அமீபா என்ற ஒற்றைச் செல் கிருமியா என்று சொல்ல முடியாது என்றார் வார்டு டாக்டர். இனிப்புநீர்க்காரர்களுக்கு பாக்டீரியா சீழ்க்கட்டி அதிகமாம், இவருக்குச் சர்க்கரையும் பார்த்தார்கள். முடிவு வரும்வரை இரண்டுக்கும் சேர்த்தே மருந்து ஏற்றினார்கள். மலத்தில் ஒன்றும் தெரியவில்லை. பலருக்கும் அப்படித்தானாம், கிருமி குடலிலிருந்து ரத்தக்குழாய் வழியே கல்லீரலுக்கு ஏறிய பிறகு மலத்தில் பெரும்பாலும் தெரியாது. ரத்தத்தில் அமீபாவுக்கான எதிர்ப்புப்பொருள் இருந்தது; அதுதான் காட்டிக்கொடுத்தது. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்று பெயர். இதற்கான விரைவுச் சோதனை பற்றி நம் மிண்டன் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார்.

கட்டி பெரிதென்பதால் ஊசியால் சீழை எடுத்தார்கள். சாக்லேட் நிறம், நாற்றமே இல்லை. மருத்துவப் புத்தகத்தில் இதை நெத்திலிச் சாற்றுக்கு ஒப்பிடுவார்களாம். நெத்திலி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பிரியரான இவரிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், டாக்டர்.

அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்து தொடங்கி மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்று சோற்றைத் தள்ளியவரை மிரட்டிச் சாப்பிட வைத்த ராத்திரி நர்ஸ் மிஸ்ஸி, உங்களை மறக்க மாட்டோம். பீர் கூடாது என்று அவரிடம் மூன்று தடவை சொன்னதற்கு என் தனி நன்றி. குடலில் மிச்சமிருக்கும் கிருமிக்குத் தனி மருந்து, அதை முடிக்காவிட்டால் திரும்பவும் வரும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது மறுபடி மறுபடி சொன்ன மருந்தக அண்ணனுக்கும் நன்றி.

இந்த அமீபாக் கட்டி பெண்களைவிட ஆண்களுக்குப் பத்து மடங்கு அதிகம் வருமாம். அதே கல்யாணத்தில் அதே தண்ணீரைக் குடித்தவள் நான். சும்மா சொல்கிறேன்.

ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்ட ஃபேக்டரி நண்பர்களே, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன வேன் அண்ணே, கைமாற்றாக 600 வெள்ளி கொடுத்துத் தேதி கேட்காத மச்சான், எல்லாருக்கும் நன்றி. ஆண்ட்டி, கஞ்சி கொண்டுவந்த டிபன் கேரியர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், வெறுமனே இல்லை.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு மனைவி