நான்கு பக்கம் எழுதிய மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

செயின் பறிப்பு வழக்கில் சிறைக்குப் போய் வந்ததைப் பற்றி நீ எழுதிய நோட்டை அக்கா நேற்று கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு பக்கம்தான், மூன்று முறை படித்தேன். “அவனுங்க கூட சேராம இருந்திருந்தா” என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். கடைசி இடத்தில் பேனா அழுந்தி தாளே கிழிந்திருக்கிறது. நீ மனசு நொந்துதான் எழுதியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் பெயர் இதில் வராது. ஆனால் உன் மாதிரி இன்னும் நாலு பிள்ளைகள் கண்ணில் படட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

ஆட்டோ சங்கர் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். 1994-ல் எனக்கு உன் வயது. திருவான்மியூரில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை. சங்கர் குடியிருந்த பெரியார் நகர் அங்கிருந்து கூப்பிடு தூரம். பெயின்டராக இருந்து, ஆட்டோ ஓட்டி, சாராயம் கடத்தி, விபச்சாரத் தொழில் நடத்தி, கடைசியில் ஆறு கொலை. அவனும் கூட்டாளிகளும் சில உடல்களைப் புதைத்தார்கள், எரித்ததைக் கடலில் போட்டார்கள். 1990-ல் சென்னை சிறையிலிருந்து தப்பி ஓடி ஒடிசாவில் ரூர்கேலாவில் பிடிபட்டான். 1991-ல் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்றது.

சிறைக்குள் உட்கார்ந்து அவன் தன் கதையை எழுதினான். ஏறக்குறைய 300 பக்கம். அது மனைவி கைக்கு வந்து, வக்கீல் வழியாக நக்கீரன் பத்திரிகைக்குப் போனது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலருக்குத் தன் தொழிலில் பங்கு இருந்தது என்று அதில் எழுதியிருப்பதாகப் பேச்சு வந்ததும், சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் மாதம் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்: இது அவன் எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே வருஷம் அக்டோபர் 7 அன்று தீர்ப்பு. ஒருவரின் அந்தரங்கம் அவருக்கு உரியது. ஆனால் கோர்ட் ஆவணம் போலப் பொதுப் பதிவில் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம். அதிகாரிகளுக்குக் கெட்ட பெயர் வரும் என்று அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது. அந்தரங்க உரிமை பற்றி இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. அவனேதான் எழுதினானா என்பதைக்கூட நீதிபதிகள் முடிவு செய்யவில்லை. எழுதவில்லை என்றே வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது இது. அப்போது டீக்கடையில் ஒருத்தர் அந்தப் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்க, நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்போம். எந்த அதிகாரி, எந்தப் பெரிய மனிதர், அடுத்த வாரம் யார் பெயர் வரும், இதுதான் பேச்சு. செத்துப்போன ஆறு பேரில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர்களிலும் அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் இருந்திருப்பார்கள். வராத பிள்ளைக்காக ராத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த வீடுகள் எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்திருக்கும். நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் இன்னொன்று. சங்கரோடு மாட்டிய கூட்டாளிகளில் ஒருத்தன் அவனுடைய கூடப்பிறந்த தம்பி. அந்தத் தம்பி கெட்ட சகவாசத்தால் கெட்டான் என்று யாராவது எழுதினால், அந்தச் சகவாசம் யார்? அண்ணன்தானே. சகவாசம் என்று எங்கோ வெளியே ஒரு கூட்டம் நின்றுகொண்டு நம்மை இழுப்பதில்லை, மாப்ள. இழுக்கிறவனும் நாமாகத்தான் இருப்போம். அன்றைக்கு பைக் ஓட்டியது நீ. பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பதினேழு வயசு. உன் நான்கு பக்கத்தில் அவன் உன்னைக் கெடுத்தவன். அவன் அம்மாவிடம் கேட்டுப் பார்.

புழல் சிறையில் உன்னைப் பார்க்க மனு போட்டுவிட்டு அக்கா காத்திருந்த நாட்களில் நானும் கூட நின்றேன். வெயிலில் பிஸ்கட் பாக்கெட்டை முந்தானைக்குள் வைத்திருந்தாள். உள்ளே போனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லோரும் கத்துகிறார்கள். “சாப்பிட்டியா” என்ற ஒரே வார்த்தைதான் அவளால் உனக்குக் கேட்கும்படி சொல்ல முடிந்தது. அதை நீ எழுதியிருக்கிறாய், அழகாகவே எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் செயினை இழுத்ததில் கீழே விழுந்த அந்த அம்மா உன் நோட்டில் எங்கேயும் இல்லை. மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டார்கள் என்று கோர்ட்டில் சொன்னார்களே, நீயும்தானே நின்று கேட்டாய். வலது கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் எப்படிச் சோறு வடித்தார், தலை பின்னியது யார், இன்றைக்கு பைக் சத்தம் பின்னால் கேட்டால் என்ன செய்கிறார்? தூக்குக்கு நாள் குறித்துவிட்டால் ஒருத்தனுக்கு எழுத நேரம் இல்லை. சேலம் சிறையில் 1995 ஏப்ரல் 27 அன்று சங்கருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு இருபத்திரண்டு வயசு.

அந்த நான்கு பக்கத்தைக் கிழிக்காதே, அப்படியே இருக்கட்டும். ஐந்தாம் பக்கத்தை அவர் கீழே விழுந்த இடத்திலிருந்து ஆரம்பி. உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது, தெரியாத இடத்தை வெறுமனே விடு. நோட்டை ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன். அக்காவிடம் மீன் வாங்க வேண்டாம் என்று சொல், நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
மாமா