தாமான் நெகாரா யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பின் சுற்றுலாப் பக்கத்தில் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் இப்படி ஒரு வரி: "கையில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இல்லாதவர்கள் இந்தக் காட்டை டிவியில் பார்த்துக்கொள்வதே நல்லது." எழுதியவர் வேடிக்கையாக எழுதியிருக்கலாம். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோரி ஓட்டுநர், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் பெண், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் என்னைப் போன்றவர்கள். எங்களைப் பார்த்து வீட்டிலேயே இருங்கள் என்று எங்கள் பத்திரிகையே சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது அந்தக் காடு. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் பல ஆண்டுகள் போராடியதால் 1938-39இல் அது காக்கப்பட்ட வனமானது. அப்போது ஆங்கிலேய மன்னரின் பெயர் வைத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் தாமான் நெகாரா ஆனது. நாட்டு மக்கள் எல்லோருக்கும் உரியது அது. நுழைவு அனுமதிக் கட்டணத்தை நெடுங்காலம் ஒரு வெள்ளியாகவே வைத்திருந்தார்கள். கேமரா கொண்டுபோனால் ஐந்து வெள்ளி வாங்கினார்கள். காட்டின் நுழைவாயிலான கோலா தாஹானில் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் படகில் போகவும் ஒரு வெள்ளிதான் கொடுத்திருக்கிறோம்.

நான் மெந்தகாப் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். முதலில் ஒரு பயண முகவரிடம்தான் கேட்டோம். காட்டுக்குள் நுழையும் அனுமதிக்கு மட்டும் தலைக்கு ஐம்பது வெள்ளி என்று எழுதிக் கொடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாளைப் படித்ததும் பாதிப் பேர் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் நானே விசாரித்துப் பள்ளிப் பஸ்ஸைப் பேசினேன். ஜெராண்டுட் நகருக்குப் போய், அங்கிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் உள்ளே போனால் கோலா தாஹான். கிராமத்து விடுதியில் தங்கல். சோறும் சம்பலும் நாங்களே கட்டிக்கொண்டு போனோம். இரவுக்கு ஆற்றில் மிதக்கும் கடையில் நாசி கோரெங். புக்கிட் தெரெசெக் குன்றுக்கு ஏறியபோது எந்தப் பிள்ளையும் களைப்பு என்று சொல்லவில்லை. முகவர் கேட்டதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை.

கட்டுரையில் நானூறு வெள்ளிக்கு ஒரு காலணி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காட்டில் ஓயாமல் நடக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கறுப்பு ரப்பர் செருப்பு, அதுதான் அடிடாஸ் கம்போங் என்று ஊரெல்லாம் சொல்வது, அதைத்தான் போடுவார்கள். சேற்றில் வழுக்காது, தண்ணீர் புகுந்தாலும் உடனே வடிந்துவிடும். நம் அப்பா அம்மா காலையில் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போனது அதைத்தான். இரத்தம் குடிக்கும் அட்டைக்கு வெளிநாட்டு ஸ்ப்ரே வேண்டுமாம். கால்சட்டையைப் பந்து விளையாடும் நீளக் காலுறைக்குள் விட்டுப் புகையிலைத் தண்ணீரைத் தடவினால் போதும் என்று தோட்டத்தில் வளர்ந்த எவரும் சொல்லுவார்கள். அந்தப் புழுக்கத்தில் தடித்த ஜீன்ஸ் வேண்டாம், ஒரு தடவை நனைந்தால் அன்றைக்குக் காயாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். அதைக் காணோம்.

இதைவிடப் பெரிய தவறு, டிசம்பரில் போகச் சொன்னது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் நெகாராவில் மாட்டிக்கொண்ட சுற்றுப்பயணிகளைப் படகு, ஹெலிகாப்டர் வைத்து மீட்ட செய்தியை உங்கள் பத்திரிகையில்தானே படித்தோம்? அதே வெள்ளத்தில்தான் கிளந்தானில் கெமுபு ரயில் பாலம் அடித்துக்கொண்டு போனது. மார்ச்சுக்குப் பிறகு போங்கள் என்று சொல்ல ஒரு செலவும் இல்லை.

ரயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். "காட்டு ரயிலில் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்றும் எழுதியிருக்கிறார். கிமாசிலிருந்து தும்பாட் வரை 1931இல் முடிந்த பாதை அது. போர்க்காலத்தில் ஜப்பான்காரன் அதன் ஒரு பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்து, அவன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் கொண்டுபோனான். என் தாத்தா அப்படிப் போனவர், திரும்பவில்லை. ஜெராண்டுட்டில் நிற்கும் அந்த ரயில் எனக்கு நேர விரயம் இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்கலாம்.

அந்தக் காட்டின் பூர்வகுடிகளான பத்தேக் மக்களின் படத்துக்குக் கீழே "ஊதுகுழலுடன் ஆதிவாசி" என்று மட்டும் போட்டதும் மனதை வருத்தியது. 2019இல் இதே காட்டின் கிளந்தான் பக்கம் கோலா கோ என்ற கிராமத்தில் பத்தேக் மக்கள் தட்டம்மையால் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுடைய காட்டுக்குத்தான் நாம் விருந்தாளியாகப் போகிறோம். படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள், வாசலில் போய் நின்று உற்றுப் பார்க்காதீர்கள் என்று வாசகர்களுக்குச் சொல்வது சுற்றுலாப் பக்கத்தின் வேலை இல்லையா?

காசு செலவழிக்க வேண்டிய இடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. குனோங் தாஹான் சிகரம் 2,187 மீட்டர் உயரம். அதற்கு வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள், அந்தக் கூலியில் பேரம் பேசவும் கூடாது. ஆனால் பும்புன் என்கிற மறைவுக் குடில்களில் மரக்கட்டிலில் படுத்து, உப்புநிலத்துக்கு உப்பு நக்க வரும் தாப்பீர் என்ற காட்டு விலங்குக்காகக் காத்திருக்க ஆயிரம் வெள்ளி எதற்கு?

இது இன்று நேற்றல்ல. இரண்டு வருஷமாக உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் சுவிட்சர்லாந்து, துபாய், இல்லையென்றால் ஏதாவது ரிசார்ட். முன்பு இதே பக்கத்தில் கேமரன் மலைக்கு எந்த பஸ், எவ்வளவு டிக்கெட் என்று போடுவீர்கள். அதை வெட்டிப் பள்ளிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது ஒட்ட ஒன்றும் இல்லை. இதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலைப்பளு என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதல்ல. வரும் ஞாயிறு பதிப்பில் கால் பத்தி ஒதுக்குங்கள். கோலாலம்பூரிலிருந்தும் மெந்தகாப்பிலிருந்தும் ஜெராண்டுட்டுக்குப் பேருந்து நேரம், அங்கிருந்து கோலா தாஹானுக்கு வண்டி, இன்றைய அனுமதிக் கட்டணம், பும்புன் குடிலுக்கு எங்கே பதிவு செய்வது, எந்த மாதங்களில் போகக் கூடாது. வனவிலங்குத் துறை அலுவலகத்தைக் கேட்டால் பாதி விவரம் கிடைத்துவிடும். டிசம்பர் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது தயவுசெய்து இந்த வாரமே போட்டுவிடுங்கள். விடுமுறைக்குப் பதிவு செய்கிறவர்கள் இப்போதே தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
மெந்தகாப், பகாங்.