பொருள்: ஆண்டுத் தேர்வு நிறைவும் கோடை விடுமுறையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விடைத்தாள் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தேர்ச்சி அட்டை வாங்க வரவேண்டிய நாளை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தெரிவிப்போம். விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா மூன்றும் குறையில்லாமல் நடந்தேறின. கோகோவில் மாணவிகள் பரிசு வாங்கி வந்தார்கள். திருக்குறள் ஒப்புவித்தலில் வழக்கம்போல் சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெரிய வகுப்புகளை மிஞ்சினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பிள்ளைகளுக்கு நம் எல்லோருடைய வாழ்த்துகளும். நூலகப் புத்தகம் வீட்டில் தங்கியிருந்தால் தேடி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கடிதம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நீள்வதற்குக் காரணம் இருக்கிறது.

கடைசித் தேர்வு முடிந்த மதியம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலர் சீருடையைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டர்களில் ஏறி, பெங்களூருக்கு வெளியே ஒரு கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போயிருக்கிறார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதட்டி விரட்டியதால் தண்ணீரில் இறங்காமல் திரும்பினார்கள். சட்டைப்பையில் இருந்த பள்ளியின் பெயரைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. அந்தந்த வீட்டோடு பேசியாயிற்று. பேசியபோது ஒன்றிரண்டு வீடுகளில் வந்த பதில்: "லீவு விட்டாச்சு, பசங்க கொஞ்சம் ஜாலியா இருக்கட்டுமே மேடம்." ஜாலியாக இருக்கட்டும், அதில் பள்ளிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எங்கே போய், யாரோடு, எதில் ஏறி என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

குவாரிக் குட்டையைப் பிள்ளைகள் ஏரி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். ஏரிக்கரை சரிந்து இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் காலுக்குத் தெரியும். குவாரி வெடிவைத்துப் பிளந்த பள்ளம், சுவர் செங்குத்தாக இறங்கும். தண்ணீருக்கடியில் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குப் பாறைத் திட்டு ஒன்று இருக்கும். முதலில் இறங்குகிறவன் அதில் நின்றுகொண்டு "ஆழமே இல்லடா, வா" என்பான். ஓரடி தள்ளிக் கால் வைக்கிறவனுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஏப்ரல் வெயிலில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் அடித்தண்ணீர் ஜில்லென்றும் கிடக்கும். அந்தக் குளிர் சட்டென்று உடம்பில் பட்டதும் மூச்சைத் தானாக இழுப்போம். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். தப்பித்து ஓரத்துக்கு வந்தாலும் பாசி பிடித்த கருங்கல்லில் கை நிற்காது. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் இங்கே பலியாவது இதனால்தான்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது பண்ணைக்குட்டை. கோலார், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் தோட்டங்களில் இவை நிறைய. கர்நாடகத்தில் கிருஷி ஹொண்டா என்பார்கள். தண்ணீர் மண்ணில் இறங்காமலிருக்க அடியிலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள். பார்க்க நீச்சல்குளம் போலத் தெளிவாக இருக்கும். ஆனால் நனைந்த தாளில் பெரியவர்களாலேயே ஏற முடியாது. ஏற ஏற வழுக்கிக் கீழே இழுக்கும். பாட்டி வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவர்கள், கிளம்புவதற்கு முன் கிணறு, குட்டை எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குட்டை சொந்தக்காரர் தெரிந்தவராக இருந்தால், அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டி உள்ளே தொங்கவிடச் சொல்லுங்கள். விழுந்தவர் பிடித்து ஏற அது போதும்.

கனகபுரா வழியாகச் சங்கமத்துக்கும் மேகதாதுவுக்கும் குடும்பமாகப் போகிறவர்கள் உண்டு. அர்க்காவதி காவிரியில் சேரும் இடம் சங்கமம். அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கீழே மேகதாது. கோடையில் தண்ணீர் குறைந்து சாது போல ஓடும். பாறையில் ஆறே குடைந்த குழிகள் அந்தத் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. மேலே அசைவில்லாத இடத்தில் கீழே சுழலும். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம், பெரியவர்களும்தான்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்துவதில்லை. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். மூச்சு விடவே நேரமில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? விளையாடுகிறான் என்று கரையில் இருப்பவர்கள் நினைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். அதன்பின் ஒருவனுக்காக இன்னொருவன் குதிப்பான். முதலாமவன் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். ஒரே வீட்டில், ஒரே தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போவது இப்படித்தான். "குதிக்காதே, எறி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கயிறு, துப்பட்டா, மூடி இறுக்கிய 5 லிட்டர் தண்ணீர் கேன், எது கிடைத்தாலும் எறியலாம். கேனில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் விட்டு மூட வேண்டும். வெறும் கேன் காற்றில் அடித்துக்கொண்டு போய்விடும். எறிந்துகொண்டே 112க்குப் போன் செய்யட்டும். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடவே கூடாது. மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பின் நடுவில் 30 முறை அமுக்கி 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

நீச்சல் கற்றுக்கொடுக்க இதுதான் காலம். பசவனகுடி போன்ற இடங்களில் கோடை வகுப்புகள் ஏப்ரலிலேயே நிரம்பிவிடும், முந்திக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று வார வகுப்பில், பக்கக் கம்பி கைக்கெட்டும் குளத்தில் பழகிய பிள்ளையை "நீச்சல் தெரிந்தவன்" என்று ஆற்றுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வண்டி விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்கு முன் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பது குற்றம். பதினாறு வயதில் கியரில்லாத வண்டி ஓட்டலாம் என்கிற சலுகை 50 சி.சி. வரைக்கும்தான், உங்கள் வீட்டு வாசலில் நிற்பது அநேகமாக 100 சி.சி.க்கு மேல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. "தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. பள்ளி திறந்தபின் மாணவர் யாராவது வண்டி ஓட்டி வந்தால் வண்டியைக் காவலாளியிடம் நிறுத்திவிட்டுப் பெற்றோரை அழைப்போம். சிபாரிசோடு யாரும் வர வேண்டாம்.

தடுப்பதோடு நின்றால் பிள்ளைகள் வேறு குவாரி தேடுவார்கள். அங்கே போவதற்கு அவர்களுக்குள்ள காரணங்கள் நியாயமானவை: கூட்டாளிகளோடு போகலாம், காசு வேண்டாம், பக்கத்தில் பெரியவர்கள் இல்லை, கொஞ்சம் சாகசமும் இருக்கிறது. இதே சுகத்தை வேறு இடத்தில் காட்ட வேண்டும். (மாலில் நாள் முழுக்கச் சுற்றுவதையும் இப்போது உல்லாசப் பயணம் என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. ஆனால் அங்கே யாரும் மூழ்குவதில்லை.)

முதலில், மொட்டைமாடியிலேயே நடக்கிற ஒன்று. ஏப்ரல் 24, 25 வாக்கில் பெங்களூரில் நண்பகல் 12.17 மணியளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; செங்குத்தான பொருளுக்கு நிழல் விழாது. ஒரு அடி நீள பி.வி.சி. குழாய்த் துண்டை நிமிர்த்தி வையுங்கள். டம்ளர் வேண்டாம், வாய் அகன்றிருப்பதால் சுற்றிலும் வளையமாக நிழல் விழுந்து குழப்பும். மொட்டைமாடித் தளம் மழைநீர் ஓடச் சரிவாகப் போடப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; ஒரு பலகையைப் போட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, அட்டைத் துண்டு சொருகிச் சரிசெய்ய வேண்டும். 11.45லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துவந்தால் நிழல் சுருங்கி அடியில் ஒளிவது கண்ணுக்கெதிரே தெரியும். ஒரு நாள் முன்பின் ஆனாலும் நண்பகல் நிழல் 2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், மேகம் மூடினால் மறுநாள் பார்க்கலாம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது. சென்னைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் அதே நாட்களில் 12.07 வாக்கில் செய்யலாம். மதுரையில் இது ஏப்ரல் நடுவிலேயே வந்துவிடும். இரண்டு ஊர்களிலிருந்து கூட்டாளிகள் போனில் ஒப்பிட்டுப் பார்த்தால், பத்து நிமிட வித்தியாசம் ஏன் என்று பாடப்புத்தகம் இல்லாமலே புரியும்.

தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெங்களூரிலேயே ஒரு புதையல் வேட்டை இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலிலும் மடிவாளம் சோமேசுவரர் கோயிலிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அர்ச்சகரிடம் கேட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்குள் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழலாகி வாசிக்கத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான். நிழல் பக்கச் சுவரானால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கலாம். சாக்பீஸ், விபூதி, எண்ணெய் எதையும் பூசக் கூடாது. புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். ட, ப, ம, ய பிடிபடும். பிறகு ஒரு சொல் திரளும். முழுசாக வாசிக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

லால்பாக் போனால் காலை ஆறு மணிக்கே போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. பத்து மணிக்குமேல் அதில் கால் வைக்க முடியாது. மே கடைசியில் வழக்கமாக மாம்பழ மேளாவும் இருக்கும். விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே உண்டு. நேரு கோளரங்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பன்னர்கட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை. பன்னர்கட்டாவுக்கு மெஜஸ்டிக்கிலிருந்து 365 பஸ். முற்பகலிலேயே சேர்ந்துவிடுங்கள், வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் படுத்துவிடும். அம்மாக்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கர்நாடக முகவரியுள்ள ஆதார் இருந்தால் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை.

எட்டாம் வகுப்புக்கு மேலுள்ள பிள்ளைகளைக் கூட்டாளிகளோடு தனியாகவே அனுப்பிப் பாருங்கள். அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கப்பன் பார்க். நால்வராகப் போகட்டும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு போன் போதும், மூன்று மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். மூன்று மணி என்பதற்குக் காரணம், ஏப்ரல், மே மழை சாயங்காலம் இடியோடும் காற்றோடும் வரும். பூங்காவின் பெரிய மரங்களில் கிளை முறிவது அப்போதுதான். கட்டுச்சோறு கொடுத்தால் எலுமிச்சை சாதம் நல்லது, தேங்காய்ச் சட்னி வேண்டாம். தயிர்சாதத்தில் பாலை நிறைய விட்டுத் தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள், மதியம் புளிக்காமல் இருக்கும்.

இவ்வளவு எழுதியதை அதட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களில் பலர் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறையில் பிள்ளையை எங்கே விடுவது என்று தவிப்பது எங்களுக்குத் தெரியும். அன்று பள்ளியிலிருந்து போன் வந்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பெற்றோருக்கும், மற்ற பிள்ளைகளைத் தேடி வீடுவீடாகப் போன இரண்டு தந்தையருக்கும் பள்ளியின் நன்றி. ஆண்டு முழுக்க எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், மூழ்கியவருக்கு முதலுதவி செய்வது எப்படி என்று ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பயிற்சி வைக்கிறோம். பெற்றோரும் வரலாம், வர விரும்புவோர் தேர்ச்சி அட்டை வாங்கும் நாளில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். திறக்கும் தேதி கல்வித்துறை அறிவித்ததும் குழுவில் வரும். விடுமுறையில் பிள்ளை எந்த ஊரில், யார் வீட்டில் இருப்பான், அந்த வீட்டுத் தொலைபேசி எண் என்ன என்பதை இணைத்துள்ள சீட்டில் எழுதி, கையெழுத்திட்டு, தேர்ச்சி அட்டை வாங்கும் நாளிலேயே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்