636001 பகா எண் இல்ல கண்ணு

கண்ணு,

போன வாரம் போன்ல நம்ம வீட்டு பின்கோடு 636001 பகா எண்ணுன்னு அடிச்சு சொன்னேன்ல, அது தப்பு. நீ வேற அதை ஆபீஸ்ல ஒரு பையன்கிட்ட சொல்லிட்டேன்னியா, அதான் எனக்கு தூக்கமே வரல. போன்ல சொன்னா சிரிச்சுட்டு வெச்சுருவ, அதனால எழுதறேன்.

உனக்கு பார்சல் கட்டறப்ப தொடங்குனது இது. அனுப்புநர்ல நம்ம 636001, பக்கத்துல ஏற்காட்டு அத்தை அனுப்புன மிளகு டப்பா மேல 636601. (உங்க கனடா கோடுல எழுத்து கலந்து வருது, அதை வகுக்கவா முடியும்?) மும்மூணு இலக்கமா பிரிச்சு கழிக்கற வித்தை ஞாபகம் இருக்கா, 7ஐயும் 11ஐயும் 13ஐயும் பெருக்குனா 1001, அதனால கழிச்சு வர்றது இந்த மூணுல எதுல போகுதோ முழு எண்ணும் அதுல போகும், மூணையும் ஒரே கழித்தல்ல பாத்துரலாம். ஏற்காட்டுக்கு 636ல 601 போனா 35, ஏழுல போயிருச்சு, ஈவு 90943, அதை உடைச்சா 199 தரம் 457, காபி ஆறதுக்குள்ள பாதி முடிஞ்சுது. நம்மளுக்கு 636ல 1 போனா 635, மூணுலயும் போகல.

அப்புறம் காலண்டர் கிழிச்ச தாள் பின்னாடி 17, 19, 23ன்னு வகுத்துட்டே போனேன். 53ல மீதி 1, வயித்தெரிச்சல். 500க்குள்ள இருக்கற 95 பகா எண்ணுலயும் போகல, அம்மாவும் லைட்டை அணைங்கன்னு கத்துனா, சரி பகா எண்தான்னு உனக்கு போன் போட்டுட்டேன். வர்க்கமூலம் வரைக்கும் போகணும்னு எனக்கு தெரியாதா என்ன? 797 வர்க்கம் 635209, 798 வர்க்கம் தாண்டிருது, அப்ப 797 வரைக்கும் பாத்திருக்கணும். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

செவ்வாக்கிழமை மறுபடி 503ல இருந்து ஆரம்பிச்சேன். இருபத்தி மூணாவது எண் 647, மீதி சைபர். 647 தரம் 983!

அதைவிட கடுப்பு என்னன்னா, 17ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல பெர்மான்னு ஒரு வக்கீல் சொன்ன வழி ஒண்ணு இருக்கு. 798ல இருந்து ஒவ்வொண்ணா வர்க்கம் எடுத்து நம்ம எண்ணை கழிச்சுட்டே வரணும், மிச்சமும் வர்க்கமா வந்தா ஆச்சு. 815 வர்க்கம் 664225, கழிச்சா 28224, அது 168 வர்க்கம். 815ல 168ஐ கூட்டு 983, கழி 647. பதினெட்டே தடவை! நான் 118ஆவது பகா எண் வரைக்கும் செக்குமாடாட்டம் சுத்தியிருக்கேன். ஆனா காரணி ரெண்டும் கொஞ்சம் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் இது சீக்கிரம் வரும், ஏற்காட்டு எண்ணுக்கு இதே வழில போனா 128 தடவை, இருபது கொண்டை ஊசி வளைவும் ஆறு தரம் ஏறுன மாதிரி.

கணக்கு போட்ட தாளை மிளகு டப்பாக்கு அடியில மடிச்சு வெச்சிருக்கேன், தூக்கி போட்டுராத. அந்த பையன்கிட்ட மாத்தி சொல்லிடு, எங்கப்பா 500லயே நிறுத்திட்டாருன்னு மட்டும் சொல்லாத.

அப்பா