‘விசா வேண்டாம்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பில் மலேசியச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பத்துமலைப் படிகளும் பினாங்குச் சாப்பாடும் படிக்கும்போதே ஆசையைக் கிளப்பின. ஆனால் பயண ஏற்பாடு பற்றி அதில் இருந்தது ஒரே வரி: இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட் இருந்தால் கிளம்பிவிடலாம். திருச்சியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிற எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. அதை நம்பி டிக்கெட் போட்டவர்கள் கடைசி நேரத்தில் பதறிக்கொண்டு வந்து நிற்பது என்னைப் போன்றவர்களின் கடைகளில்தான்.

விசா தேவையில்லை என்பது உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் நம்மவர்கள் விசா எடுக்காமல் போய் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் முன்பு விசா கொடுக்கும்போது கேட்ட கேள்விகளை இப்போது கோலாலம்பூரில் போய் இறங்கிய பிறகு கேட்கிறார்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடத்துக்கான சான்று, செலவுக்குப் பணம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். குடிநுழைவு அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் உள்ளே விடாமல் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம். அங்கே நின்று வாதாடிப் பயனில்லை.

கட்டுரையில் இல்லாத முக்கியமான விஷயம் மின்னிலக்க வருகை அட்டை. எம்.டி.ஏ.சி. என்பார்கள். 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். போய்ச் சேரும் தேதிக்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். குழந்தைகள் உட்பட ஆளுக்கு ஒன்று. இதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் இணையத்தில் தேடினால், அரசு முத்திரை போலவே ஒன்றை ஒட்டிக்கொண்டு பணம் கேட்கும் தளங்களும் வந்து நிற்கின்றன. என் வாடிக்கையாளர் ஒருவர் குடும்பத்துக்கே பணம் கட்டிவிட்டு, ரசீதைப் பிரிண்ட் எடுக்க என்னிடம் வந்தார். இலவசம் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பிரிண்டுக்குக் காசு வாங்க மனம் வரவில்லை. பணம் கேட்டாலே அது மலேசிய அரசின் பக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையான முகவரி ‘டாட் கவ் டாட் எம்.ஒய்’ என்று வரும்.

நிரப்பும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, தேதி. இங்கிருந்து இரவில் புறப்படும் விமானம் கோலாலம்பூரில் விடியற்காலையில் இறங்கும். மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே டிக்கெட்டில் கண்ணில் படும் புறப்பாட்டுத் தேதியைப் போடக்கூடாது, இறங்கும் தேதியைப் போட வேண்டும். இன்னொன்று, முகவரி. "கிள்ளான்ல எங்க மாமா வீடு" என்றால் படிவம் ஏற்காது. வீட்டு எண், தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர், ஊர், மாநிலம், அஞ்சல் எண் எல்லாம் கேட்கும். மாமாவுக்கு முதல் நாளே போன் போட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கவுன்டரில் கேட்டாலும் சொல்ல உதவும்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் சேர்த்துப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா உண்டு. அதற்கான வருகை அட்டை தனி. ஜொகூர் பாரு வழியாகப் பஸ்ஸில் மலேசியாவுக்குள் வந்தாலும் எம்.டி.ஏ.சி. வேண்டும். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பி வந்தால் மறுபடியும் புதிதாக நிரப்ப வேண்டும்.

அப்புறம், நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்ற முத்திரை இருக்கும். வேலைக்குப் போவதென்றால் இவர்கள் குடியேற்ற அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் திரும்பும் டிக்கெட் இல்லாமல் போனால் இங்கேயே, நம் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தும் அன்று கொடுக்காமல் விட்டவர்களும், 50 வயதைத் தாண்டியவர்களும் விண்ணப்பித்து இந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட் வாங்கிவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ‘விசா வேண்டாம்’ என்ற இதே வார்த்தையை வைத்துத்தான் ஏஜென்ட்டுகள் சிலர் பையன்களை ஏமாற்றுகிறார்கள். டூரிஸ்டாகப் போ, அங்கே போனதும் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த 30 நாள் சலுகையில் வேலை பார்க்க உரிமை கிடையாது. நாள் தாண்டித் தங்கினால் அந்நாட்டுச் சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கடன் வாங்கிப் போன பையன் அந்த அபராதத்தை எங்கிருந்து கட்டுவான்? உங்கள் கட்டுரைக்குக் கீழேயே ‘விசா இல்லை, கவலை இல்லை’ என்று ஒரு விளம்பரம் வந்திருந்ததையும் கவனித்தேன். அதைப் போடவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு மேலே சொன்னவற்றை அச்சிட இடம் இருந்திருக்கும்.

2027 தைப்பூசத்துக்குப் பத்துமலை போக இப்போதே திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதுள்ள சலுகை அதற்கு முன்பே, டிசம்பர் 31-ல் முடிகிறது. நீட்டிப்போ மாற்றமோ அறிவிப்பு வந்தால் இணைப்பு இதழ் வரும்வரை காத்திராமல் அன்றைய நாளிதழிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர்,
திருச்சி