நீள்வட்டங்களால் ஆன கார்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ‘அம்மா, நான் வரைஞ்ச கோடு ஒண்ணுகூட அந்தக் கார்ல மிச்சம் இல்லை’ என்று சொல்லும்போது உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. முதலில் விளக்கை மேலே ஏற்றச் சொன்னார்கள், அப்புறம் நடந்து போகிறவர் மேல் மோதினால் அடி குறைவாகப் படவேண்டும் என்று பானெட்டை உயர்த்தினார்கள், அப்புறம் உள்ளே போகும் காற்று போதவில்லை என்று காரின் முகத்தைத் திறந்தார்கள். பதினோரு தடவை மாற்றிய பிறகு இந்தக் கார் வடிவமைக்கும் வேலையையே விட்டுவிடலாமா என்று கேட்கிறாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு யோசனை வரும், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் ஜூன் மாதம் என்னைக் கேடன் என்ற ஊரில் இருக்கும் கார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? அங்கே அந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்னால் நீ அரை மணி நேரம் நின்றாய். நான் கால் வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், சின்ன வயதில் என் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கார் வரையும்போது வைத்திருப்பாயே, அதே முகம். திரும்பி வந்து, ‘இதை வரைஞ்சவர்கிட்ட யாரும் குறுக்கே வந்து எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்கம்மா’ என்றாய். அந்த ஒரு வாக்கியம் என் மனசில் அப்படியே தங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நீ சொன்னது தப்பு என்று தெரிந்தது. அவருக்கும் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். காற்று சொல்லியிருக்கிறது, என்ஜின் சொல்லியிருக்கிறது, பிற்பாடு அமெரிக்க அரசாங்கமே சொல்லியிருக்கிறது.

அவர் பெயர் மால்கம் சேயர். 1916-இல் நார்ஃபோக் கடற்கரையில் உள்ள க்ரோமர் என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கும் ஓவியமும் நடத்திய வாத்தியார். இதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கணக்கையும் ஓவியத்தையும் ஒரே ஆள் சொல்லிக்கொடுத்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. போர்க் காலத்தில் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார், போர் முடிந்தபின் கொஞ்ச காலம் பாக்தாதில் இருந்தார், 1950-களின் தொடக்கத்தில் கோவென்ட்ரியில் ஜாகுவாரில் சேர்ந்தார். யாராவது அவரை ஸ்டைலிஸ்ட் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. காற்றியக்கம் தெரிந்த பொறியாளர் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார்.

முதலில் அவர் செய்தது பந்தயக் கார்கள். அவர் உடல் வடிவம் கொடுத்த சி-டைப் 1951-லும் 1953-லும் பிரான்சில் நடக்கும் லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. அதற்குப் பிறகு வந்த டி-டைப் 1955, 1956, 1957 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. ஈ-டைப் பிறந்தது அந்த டி-டைப்பின் வயிற்றிலிருந்து. நடுவில் விமானத்தின் உடம்பு போலத் தகடுகளாலேயே பலம் பெறும் கூடு, அதன் முன்னால் சதுரக் குழாய்களால் செய்த சட்டகத்தைப் போல்ட் போட்டு மாட்டி, அதில் என்ஜின். அதற்கு மேலே மூக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும் பானெட். இந்த அமைப்பு முழுக்கப் பந்தயத்திலிருந்து வந்தது, அழகுக்காக யாரும் யோசித்ததில்லை.

எனக்குத் தலைசுற்றிய விஷயம் அடுத்தது. சேயர் அந்த வளைவுகளைக் கையால் இழுத்து ‘இது நன்றாக இருக்கிறதா’ என்று பார்க்கவில்லை. சமன்பாடு போட்டார். காரின் உடம்பை நீள்வட்டத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் மேற்பரப்பு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டு எண்களாக எழுதிக்கொண்டே போனார். கணினி கிடையாது. நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலும் ஏழு இலக்க மடக்கை அட்டவணையும்தான். நான் முப்பது வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு இலக்க மடக்கை அட்டவணையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள். நான்கு இலக்கத்துக்கே பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள், இவர் ஏழு இலக்கத்தில் ஒரு கார் முழுவதையும் போட்டிருக்கிறார்! நீள்வட்டத்துக்கு x²/a² + y²/b² = 1 என்று கரும்பலகையில் நான் எழுதியது எத்தனை ஆயிரம் தடவை இருக்கும். அதைத் தகட்டில் அடித்து, பளபளப்பாக்கி, அதன் முன்னால் என் மகள் அரை மணி நேரம் கண் இமைக்காமல் நிற்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

கணக்குப் போட்டதோடு விடவும் இல்லை. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கம்பளி நூல்களை ஒட்டி, காரை ஓடவிட்டு, நூல் எந்தப் பக்கம் படிகிறது, எங்கே சுழன்று தடுமாறுகிறது என்று பார்த்தார்கள். அப்புறம் பானெட்டின் நடுவில் ஒரு மேடு ஓடுமே, அருங்காட்சியகத்தில் அதைத் தொட்டுக் காட்டி ‘இதுதாம்மா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்’ என்றாய். அது ஏன் வந்தது தெரியுமா? உள்ளே இருக்கும் ஆறு சிலிண்டர் எக்ஸ்கே என்ஜின் உயரமானது, தலையில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு உள்ளது. பானெட்டைத் தாழ்த்த வேண்டும், என்ஜினோ அடங்காது, அதனால் நடுவில் மட்டும் உயர்த்தினார். பக்கத்தில் வரிசையாக வெட்டியிருக்கும் துவாரங்கள் சூடான காற்று வெளியேறுவதற்கு. நீ மிக அழகு என்று நினைத்த இடம், இடம் போதாமல் வந்த இடம், கண்ணு.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அந்தக் காரை வெளியிட்டார்கள். பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதவில்லை என்று, சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இன்னொரு திறந்த காரைக் கோவென்ட்ரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். 3.8 லிட்டர் என்ஜின், 265 குதிரைத் திறன், மணிக்கு 150 மைல் என்று அறிவித்தார்கள், விலை ஏறத்தாழ 2,100 பவுண்டு. அந்த வேகத்துக்குப் போகும் மற்ற கார்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில் இருந்த காலம்.

ஆனால் அந்த முதல் கார்கூட முழுசாகச் சரியாக இல்லை. உள்ளே தரை தட்டையாக இருந்ததால் உயரமானவர்கள் காலை நீட்ட முடியாமல் கஷ்டப்பட்டார்கள், மறுவருஷமே கால் வைக்கும் இடத்தில் தரையைக் குழியாக்கினார்கள். கியரில் முதல் கியருக்கு, உரசாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது. 1964-இல் 4.2 லிட்டர் என்ஜின் வந்தபோதுதான் நல்ல கியர்பாக்ஸும், உட்கார முடிகிற மாதிரி இருக்கையும் வந்தன. வெளியே ஒரு வளைவுகூட மாறவில்லை. இந்த மாற்றங்களை யார் குறை சொல்வார்கள்? ஈ-டைப்பை மூன்று தொடராகப் பிரிப்பார்கள், இன்றைக்கு ரசிகர்கள் பலர் முதல் தொடரின் அந்த 4.2 லிட்டர் காரைத்தான் ஓட்டுவதற்கு நல்லது என்கிறார்கள்.

1966-இல் பின்னால் இரண்டு சின்ன இருக்கைகள் வைத்து ஒரு வகை வந்தது. வீல்பேஸை, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை, 9 அங்குலம் நீட்டி, கூரையைக் கிட்டத்தட்ட 2 அங்குலம் உயர்த்தி, முன்கண்ணாடியை நிமிர்த்திவிட்டார்கள். சரி, உண்மையைச் சொல்கிறேன், பக்கத்திலிருந்து பார்த்தால் அது எனக்குப் பிடிக்கவில்லை. ஓடும் பூனை திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்ததும் காரை விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு அது வழி செய்தது. பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போன ஒருவருக்கு அந்தக் கூரை அசிங்கமாகத் தெரிந்திருக்காது. அதற்கப்புறம் 1968-இல் அதே வகையின் முன்கண்ணாடியின் அடியை முன்னால் தள்ளிச் சாய்வைக் கூட்டினார்கள். தப்பு என்று தெரிந்ததைத் திருத்த யாரோ ஒருவர் விடாமல் உட்கார்ந்திருக்கிறார், பார்.

இனிமேல் வருவது உன் கதை. ஈ-டைப்பில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது, அங்கே 1960-களின் கடைசியில் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. ஹெட்லைட் மேல் மூடியிருந்த கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று 1967-இல் அதை எடுத்தார்கள். முன்பலகையில் நீட்டிக்கொண்டிருந்த சுவிட்சுகள் மோதலில் குத்தும் என்று தட்டையான சுவிட்சுகள் ஆயின. கம்பிச் சக்கரத்தின் நடுவில் காது மாதிரி நீண்டிருந்த பிடி போனது. 1968-இல் இரண்டாம் தொடர் வந்தபோது வாய் பெரிதானது, ஏனென்றால் முதல் காருக்கு அந்தச் சின்ன வாயால் போதுமான காற்று கிடைக்காமல் சூடேறும் பிரச்சினை இருந்தது, இப்போது ஏர்கண்டிஷனரும் வேறு. ஹெட்லைட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்கள், பின்விளக்குகளைப் பெரிதாக்கிப் பம்பருக்குக் கீழே இறக்கினார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனசு. ராத்திரியில் சாலை தெரிய வேண்டும் என்பதற்கு எதிராக எந்த அழகையும் வைத்து நான் வாதாட மாட்டேன். வாய் பெரிதானதும் எனக்குச் சம்மதமே, மூச்சு முட்டுகிற உடம்புக்கு அது தேவை. ஆனால் அந்தப் பின்விளக்குகள்! மெல்லிய பம்பருக்கு மேலே ஒட்டிக்கொண்டு வளைவோடு ஓடிய சின்ன விளக்கை எடுத்துவிட்டு, கீழே ஒரு தகட்டில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள், அந்தத் தகடு காரின் எந்தக் கோட்டோடும் பேசவில்லை. சட்டம் வெளிச்சம் கேட்டது. இப்படித்தான் மாட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கே யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1970 ஏப்ரலில் சேயர் மாரடைப்பில் போய்விட்டார், ஐம்பத்துமூன்று வயது. அடுத்த வருஷம் மூன்றாம் தொடர் வந்தது. 5.3 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், எல்லாவற்றுக்கும் அந்த நீட்டிய வீல்பேஸ், அகலமான டயருக்காகப் புடைத்த சக்கர விளிம்புகள், திறந்திருந்த வாயில் குரோமியக் கம்பிக் கூண்டு. இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த மூடிய கார் நின்றே போனது. 1974-இல் தயாரிப்பு முடிந்தது. கடைசி ஐம்பதில் ஒன்று பச்சை, மற்ற நாற்பத்தொன்பதும் கறுப்பு. மொத்தம் ஏறத்தாழ 72,500 கார்கள்.

மூன்றாம் தொடரை முதல் தொடரோடு பக்கத்தில் வைத்த படத்தை என் மேஜையில் ஒட்டிவைத்திருக்கிறேன். விளிம்பு மாறிவிட்டது, வாய் மாறிவிட்டது, கண் திறந்துவிட்டது, நீளம் கூடிவிட்டது. இருந்தாலும் தெருவில் போகிற எவரும் இரண்டையும் ஒரே கார் என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று நான் நாள்கணக்கில் பார்த்தேன். மூக்கிலிருந்து கண்ணாடி வரை போகும் அந்த நீண்ட வளைவை யாரும் கலைக்கவில்லை. இடுப்பில் போய்ச் சேரும் கோட்டையும் கலைக்கவில்லை. அவை கணக்கிலிருந்து வந்தவை, ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். விளக்கையும் பம்பரையும் மாற்றியவர்களுக்கு அதைத் தொடக் கை வரவில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் ஒரு நீல நிறத் திறந்த ஈ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது, அதுவும் அந்தக் கோட்டுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

உன் காரில் ஒரு கோடுகூட மிச்சமில்லை என்றாயே, அதை நான் இன்னும் நம்பவில்லை. நீ கோபத்தில் இருந்தாய். விளக்கு, பானெட் உயரம், காற்று வாய், இந்த மூன்றுக்கும் அவர்கள் சொன்ன காரணத்தை ஒரு தாளில் எழுதிவை. எது உண்மையான தேவை, எது அந்தப் பின்விளக்குத் தகடு மாதிரி அவசரத்தில் செய்தது என்று உனக்கே தெரியும். அவசரத்தில் செய்ததற்காகச் சண்டை போடு, நான் உன் பக்கம். பானெட்டை உயர்த்தியே ஆகவேண்டுமென்றால், அந்த உயரத்தை நீயே எடுத்துக்கொண்டு உன் வளைவைத் திரும்பப் போட்டுப் பாரேன். அவர்கள் போட்ட வளைவின் மேல் உட்கார்ந்து அழாதே.

வேலையை விடுவதைப் பற்றி இந்த மாதம் முடியும்வரை பேசாதே. அப்புறமும் விடத்தான் வேண்டும் என்றால் விடு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஒன்று செய். உன் முதல் படத்தையும் பதினோராவது படத்தையும் ஒரே அளவில் பக்கவாட்டில் அச்செடுத்து எனக்கு அனுப்பு, பெரிய தாளாக இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே அளவுகோல் குறித்துவிடு. பத்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து இரண்டின் உயரத்தையும் நானே அளந்து எழுதிப் பார்க்கிறேன். எந்தப் புள்ளியில் உன் கோடு இன்னும் நிற்கிறது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பருப்புப்பொடி தீர்ந்திருந்தால் சொல், பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வாரம் லண்டன் வருகிறான்.

அம்மா