கவாத்துக் கத்தரி பிடித்த சிப்பாய்

ஆசிரியருக்கு,

ஏற்காட்டில் பல வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்த எங்கள் பெரியப்பா, 90 வயதைக் கடந்து சென்ற மாதம் காலமானார். நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி பெற்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றியவர். 1971 போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை ரோஜாவுக்குத் திருப்பிவிடுவார்.

கவாத்தில், அதாவது செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்குவதில் மட்டும் பட்டாளத்துக் கண்டிப்பு குறையவே இல்லை. வெட்டு, மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சரிவாக விழ வேண்டும். தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும் என்பார். சரிவு நிலமென்றால், மண் அரிக்காதபடி கல்லடுக்கு வைத்த பிறகுதான் செடியையே தொடுவார். மகன்களும் பேரனும் இதே தொழிலில்தான் இருக்கிறார்கள். கத்தரியை மட்டும் கடைசிவரை கைமாற்றவில்லை மனிதர்!

கோடை விழா மலர்க் கண்காட்சியில் பிரமுகர்களின் பெயர்கள் ஒலிக்கின்றன. இத்தகைய தோட்டக்காரர்களின் பெயர்களையும் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்னால் என்ன?

- வாசகர், ஏற்காடு